நீரடிமுத்து எண்ணெயும் ரோசம்மாவின் காதுகளும்

போன மாதம் செபஸ்தியான் பாகான் டாலாமில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தான். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவன் அவன். இருவருமே டிரெசர்கள். மருந்து கலக்குவது, புண் கட்டுவது, ஊசி போடுவது, டாக்டர் இல்லாத நேரத்தில் டாக்டர் போல முகத்தை வைத்துக்கொள்வது எல்லாம் செய்கிறவனுக்கு இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் அந்தப் பெயர்.

காப்பியை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

“அண்ணே, எண்ணெய நிறுத்தியாச்சு. ஸ்டோர்ல கெடந்த கடைசி டின்னயும் சாக்கடையில ஊத்திட்டோம். இனிமே எல்லாம் மாத்திரதான்லா.”

“நல்லதுதானே தம்பி.”

“நல்லதாவா? கை நாத்தம் போச்சுண்ணே! என் பொண்டாட்டி இப்பத்தான் பக்கத்துல வந்து உக்கார்றா. அது சரி, அந்த நாத்தம் புடிச்ச எண்ணெயில அப்படி என்னதான் இருந்துச்சு?”

அவன் போன பிறகு என் வலது கையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. எண்ணெய் ஒழிந்தது நல்லதுதான், நோயாளிகளுக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. இருந்தும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கேள்விக்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் எண்ணெயோடு நிறுத்த மாட்டேன் என்பது எனக்கே தெரியும். நிறுத்தப் போவதுமில்லை. என் மனைவி இப்போது இல்லை. இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான் ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவன். அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. பள்ளி முடிந்ததும் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், கட்டுத்துணி சுற்றினேன், பரீட்சை எழுதினேன். முதல் யுத்தம் முடிந்து கொஞ்ச காலத்தில் தொழுநோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அம்மா மூன்று வேளையும் அழுதாள். பங்குச் சாமியாரிடம் போய் மாற்றலை ரத்து செய்யச் சிபாரிசு கேட்டாள். அவர் ஜெபமாலை ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆண் நோயாளிகள் ஒரு தீவில் இருந்தார்கள். பெண்களுக்கு நகரின் ஓரத்திலேயே, தென்னை மரங்களும் முள்கம்பி வேலியுமாக ஒரு விடுதி. வேலிக்கு அப்பால் டிராம் போகும். டிராமைப் பார்க்க முடியாது, மணி மட்டும் கேட்கும். மணி கேட்கும்போதெல்லாம் உள்ளே இருக்கிற பெண்களின் பேச்சு கொஞ்சம் நின்று, பிறகு தொடரும். நான் சொல்லப் போவது அந்த விடுதியில் நடந்தது.

பொறுப்பில் இருந்தவர் டாக்டர் நாகலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் ஒரு கறை இருக்காது, பேச்சில் ஒரு இனிப்பு இருக்காது. குட்மார்னிங் சொன்னால் “ஓம்” என்பார், அத்துடன் அன்றைய மரியாதை முடிந்தது. அவரை எனக்குப் பிடிக்க வெகுகாலம் ஆயிற்று. பிடித்த பிறகு விடவில்லை.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். புது டின் உடைத்தால் முதலில் மூக்கு. பிறகு ஒரு சொட்டு நாக்கில். நாங்கள் பக்கத்தில் நின்றாலே குமட்டும். அவர் கண்ணை மூடி ருசி பார்ப்பார். சிக்கு வாடை கொஞ்சம் இருந்தாலும் டின் திரும்பிப் போய்விடும்.

“காறின எண்ணெய் சதைக்குள்ள நெருப்பாய் எரியும், சவரிமுத்து. உமக்கு எரியாது. அந்தப் பிள்ளையளுக்கு எரியும்.”

எண்ணெய் தேறினால் கால்சட்டையை இறக்கிக்கொண்டு முதல் ஊசியைத் தன் தொடையில் போடச் சொல்வார். போடுகிறவன் நான். அவர் ஒரு தரம்கூட முகம் சுளித்ததில்லை, ஆனால் அன்று முழுக்க நொண்டுவார். பெண்கள் அவர் நடையைப் பார்த்தே புது டின் உடைத்தாயிற்று என்று தெரிந்துகொள்வார்கள்.

நீரடிமுத்து என்பது ஒரு மரத்தின் விதை. மலையாளத்துப் பக்கம் ஓடைக்கரைகளில் அந்த மரம் வளரும் என்பார்கள், நான் பார்த்ததில்லை. நம் நாட்டு வைத்தியர்களுக்கு அது பழைய சரக்கு. சீன மருந்துக் கடைகளிலும் அதன் பங்காளி மரத்து விதை சயாமிலிருந்து வந்து கண்ணாடிச் சாடியில் கிடக்கும். இரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் கேட்காமலே அதை இதே நோய்க்குத்தான் கொடுத்துவந்தார்கள். குடிக்கக் கொடுத்தார்கள், அதுதான் சங்கடம். ஒரு கரண்டி உள்ளே போனால் நேற்றுச் சாப்பிட்டதும் சேர்ந்து வெளியே வரும். ஊசியில் ஏற்றலாம் என்று ஆன பிறகுதான் அந்த எண்ணெய்க்கு வேலை செய்ய ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது.

முறை இதுதான். எண்ணெயைக் கொதிநீர்ச் சட்டியில் வைத்துச் சுடவைக்க வேண்டும். அளவாகக் கிரியோசோட் என்ற மருந்துத் தைலம் கலக்க வேண்டும். பிறகு உடம்புச் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். ஆறிப்போனால் பாகாக இறுகி ஊசியில் ஏறாது, சூடாக இருந்தால் சதை வெந்துவிடும். எண்ணெய் தடிப்பு, அதனால் ஊசியும் தடிப்பு. மேல்கையில் குத்தி, அழுத்தாமல், பொறுமையாக இறக்க வேண்டும். பிறகு மரத்துப்போன படையின் விளிம்பைச் சுற்றித் தோலுக்குள்ளேயே சின்னச் சின்னதாகக் குத்த வேண்டும். மெல்லத் தேய்த்துவிட வேண்டும். அவசரப்பட்டால் கட்டி, கட்டி பழுத்தால் சீழ். வாராவாரம் இதே கதை, வருஷக்கணக்கில்.

குணமானதா என்று கேட்பீர்கள். பலருக்கு ஒன்றும் செய்யவில்லை. சிலருக்கு, அதிலும் நோய் தொடங்கிய புதிதில் வந்தவர்களுக்கு, அடங்கியது. எப்படி அடங்குகிறது என்று ஒருநாள் டாக்டரைக் கேட்டேன்.

“அந்த எண்ணெயில ஒரு வகை அமிலம் இருக்கு. இந்தக் கிருமி மெழுகுச் சட்டை போட்டிருக்கிறது. அந்தச் சட்டைக்குள்ள இது நுழையுது எண்டு சொல்லுகினம். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லப் பழகும்.”

தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்குத் தீராமல் இருந்தது. பின்னறையில் கண்ணாடித் தட்டுகளில் ஒருவகைக் கூழ் ஊற்றி, புண்ணிலிருந்து எடுத்த சீழ்க் கிருமியை அதில் தடவுவார். நடுவில் பூண்டுச் சாறு ஒரு சொட்டு. இன்னொரு தட்டில் வெற்றிலைச் சாறு. வேறொன்றில் மஞ்சள். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். பூண்டுச் சொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றுமில்லாத ஒரு வட்டம். வெற்றிலைக்கும் வட்டம் விழும். மஞ்சளுக்குச் சிறியதாக. அந்த வட்டத்தைப் பார்த்து அவர் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன், சத்தியமாக.

ஆனால் எங்கள் நோயின் கிருமி எந்தத் தட்டிலும் வளராது. எத்தனை விதமாகக் கூழ் காய்ச்சிப் பார்த்தார், வளரவே இல்லை. “இதுக்குத் தட்டு மனுசன்தான்” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். எண்ணெய் வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களுக்கு நோயாளியின் உடம்பைத் தவிர வேறு இடம் கிடையாது.

இனி எங்கள் பிரிவின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். அது எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டப்படவில்லை.

தீவிலிருந்து குணமாகி வெளியே போன ஒருவர் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எங்கள் வார்டு ஆள் ஒருவன் அரிசி வாங்கப் போன இடத்தில் அவரைப் பார்த்துவிட்டான். பாசம்தான், வேறொன்றுமில்லை. “என்னாண்ணே சௌக்கியமா? கை இப்ப எப்படி இருக்கு?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். இவன் எங்கே வேலை செய்கிறான் என்பது தெரு முழுக்கத் தெரியும். அன்று சாயங்காலமே அவருக்கு வேலை போயிற்று. குடியிருந்த அறையும் போயிற்று. சில நாள் கழித்து எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, தன்னைத் திரும்பத் தீவிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லி அழுதார். நோய் இல்லாதவரை எப்படிச் சேர்ப்பது? டாக்டர் அவரைச் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு எங்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்.

“வெளியில போன ஆளை வெளியில கண்டால் நாங்கள் முதல்ல கதைக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. அவையாக் கதைச்சால் கதையுங்கோ. இல்லையெண்டால் உங்களுக்கு அவையைத் தெரியாது. ஆர் கேட்டாலும் தெரியாது. பெண்சாதி கேட்டாலும் தெரியாது. விளங்குதோ?”

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

ரோசம்மா என்பது அவள் பெயரல்ல. உண்மைப் பெயரை எழுதினால் டாக்டர் கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார். எங்கள் வேதக்காரப் பெண்தான். அக்காள் வீட்டில் தங்கி, தையற்கடைக்குச் சட்டை தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வெள்ளைத் துணியில் ரத்தம் சொட்டுச் சொட்டாக இருந்ததாம். யார் ரத்தம் என்று தேடினால் அவளுடையதுதான். விரலில் ஊசி ஏறி நின்றது அவளுக்குத் தெரியவில்லை. அக்காள் புருஷன் திரை போட்ட ரிக்ஷாவில் அழைத்துவந்து வாசலில் இறக்கிவிட்டு, அதே ரிக்ஷாவில் திரும்பிப் போனான். பிறகு அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

வந்தவர்களுக்கு முதல் வேலை காதில் மாதிரி எடுப்பது. காதுமடலை இரண்டு விரலால் ரத்தம் வடிய அழுத்திப் பிடித்து, கத்தி முனையால் சின்னதாகக் கீறி, உள்ளிருக்கும் சதைச்சாற்றைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவ வேண்டும். அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தில் கழுவி, நீலம் தோய்த்துப் பார்த்தால், கிருமி மட்டும் சிவப்பு விடாமல் நீலத்தின் நடுவே சின்னக் குச்சிகளாகத் தெரியும்.

“கம்மல கழட்டணும்மா” என்றேன். கல் வைத்த சின்னக் கம்மல்.

“காதுல ஏன்யா? எனக்கு விரல்லதான மரத்துருக்கு?”

“ஒடம்புல காதுதான் குளுமையான எடம். கிருமி அங்கதான் வந்து சேரும்.”

“கம்மல் போடற எடமாப் பார்த்து உக்காருதா? ரசன உள்ள கிருமிதான்லா.”

அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சபிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே கிருமியைக் கேலி செய்தவளை அன்றுதான் பார்த்தேன். கூட இருந்த ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணாடித் துண்டில் சிவப்புக் குச்சிகள் நிறைய இருந்தன.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி உண்டு. மாதிரி எடுக்கும் நாளில் அதில்தான் உட்கார வேண்டும். “வலது காது” என்பேன், வெளிச்சத்துக்குத் திருப்புவார்கள். “இடது காது” என்பேன், மறுபக்கம் திருப்புவார்கள். ரோசம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்ததும் முந்தானையை விலக்கி வலது காதை ஜன்னலுக்குக் காட்டுவாள். நான் பார்த்து முடிக்கும் நேரம் அவளுக்கு அத்துப்படி. சரியாக அந்த நேரத்தில் இடது காதைத் திருப்புவாள். கீறுகிற இடமே கம்மல் இடமாக இருந்ததால் துளை நாளடைவில் தூர்ந்துபோயிற்று. கம்மலைத் தையல் டப்பாவில் நூலுக்கடியில் வைத்திருந்தாள்.

“முப்பது வயசுக்குள்ள வெளிய போயிடணும்யா. போயி மொத வேல காது குத்திக்கணும்” என்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சாவைப் பற்றியோ அழகைப் பற்றியோ அவள் பேசி நான் கேட்டதில்லை. டிராமில் ஏற வேண்டும், பாசாரில் பேரம் பேச வேண்டும், காதில் கம்மல் போட வேண்டும்.

எண்ணெய் மெதுவாக இறங்கும் என்றேனல்லவா? அந்த நேரத்தில் வலி தெரியாமல் இருக்க அவள் கேள்வி கேட்பாள். கடைத்தெருவில் இப்போது என்ன சேலை வந்திருக்கிறது, கோயில் திருவிழாவில் தேர் எந்தத் தெருவரை வந்தது, அந்தப் பிரியாணிக்காரர் இன்னும் கத்துகிறாரா. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆபீஸ், வீடு, ஆபீஸ் என்று இருந்தவன். அவளுக்குச் சொல்வதற்காகவே ஊர் சுற்ற ஆரம்பித்தேன். சாயங்காலங்களில் கடை கடையாக நின்று சேலைகளைப் பார்த்தேன். ஒரு கடைக்காரர் என்னைத் திருடன் என்றே நினைத்துவிட்டார். அதைச் சொன்னபோது ஊசி கையில் இருக்கும்போதே அவள் குலுங்கிச் சிரித்தாள். பிற்காலத்தில் எனக்குச் சந்தோஷங்கள் எத்தனையோ வந்தன, குழந்தைகள் பிறந்தன, பதவி உயர்ந்தது. ஆனால் அது மாதிரி வரவில்லை. வராததை வரவில்லை என்றுதானே எழுத வேண்டும்.

சிவப்புக் குச்சிகள் குறைந்துகொண்டே வந்தன. பிறகு ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. இப்படித் தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் சுத்தமாக இருந்தால்தான் வாசல் திறக்கும். ஒரு மாதம் தவறினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஒரு காரியம் செய்தார். வெற்றிலைத் தட்டில் அன்று வட்டம் மிக அழகாக விழுந்திருந்தது. பூரிப்பு தாங்காமல் தட்டைப் பெண்கள் வார்டுக்கே எடுத்துப் போய்க் காட்டினார். “பாருங்கோ, வெத்திலைச் சாறு பட்ட இடத்தில கிருமியே இல்லை!” பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைக் கவனித்தேன், அர்த்தம் புரியவில்லை.

அடுத்த மாதிரி நாளில் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். முந்தானையை விலக்கினால் ஒவ்வொரு காதும் பச்சை! வெற்றிலையை இடித்து, உப்பும் மஞ்சளும் சேர்த்து, தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார்கள். தோல் உரிந்து, மடல் வீங்கி, நீர் கசிந்தது. ரோசம்மாதான் எல்லாரிலும் மும்முரமாகத் தேய்த்திருந்தாள். வலது காதை ஜன்னலுக்குத் திருப்பி, பெருமையாக, “பாருங்கய்யா, இன்னிக்கு ஒரு குச்சி கூட இருக்காது” என்றாள்.

அந்தக் காதில் கத்தி வைக்க முடியாது. மாதிரி எடுக்காத மாதம் தவறிய மாதம்.

டாக்டர் வந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பச்சைக் காதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தன் நெற்றியில் அறைந்துகொண்டார்.

“தட்டில கிருமி மேல கிடக்குது, பிள்ளையள். உங்களில அது உள்ள இருக்குது. வெத்திலை உள்ள போகாது. இது என்ர பிழை. தட்டைக் காட்டின நான் இதையும் சொல்லியிருக்க வேணும்.”

“அப்ப எங்க கணக்கு?” என்று ரோசம்மா கேட்டாள்.

அவர் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனார். மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும், விதி விதிதான் என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு ரோசம்மா சில வாரங்கள் ஊசியின்போது ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சேலைக் கதை சொன்னேன். சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். காது ஆறியது. திரும்ப முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தோம்.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்த இரண்டாவது கணக்கில் ஒவ்வொரு மாதமும் கண்ணாடித் துண்டைப் பார்க்கக் குனியும்போது என் நெஞ்சு இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பாதி, ஆண்டவரே, ஒரு குச்சியும் இருக்கக்கூடாது என்றது. மறுபாதி, சுத்தமாகிவிட்டால் அடுத்த வருஷம் இந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்றது. என் கை பாட்டுக்கு ஒழுங்காக வேலை செய்தது. முழு நீலம். அடுத்த மாதமும் முழு நீலம். கடைசித் துண்டை டாக்டரே பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீர் அவளிட்டக் கேக்கப் போறீரோ?”

யாரிடமும் சொன்னதில்லையே!

“கேளும். தப்பில்லை. ஆனால் அவள் மாட்டன் எண்டால் அதோட விட்டுவிடும்.”

அவள் புறப்படுகிற நாள் காலையில் வாசலருகே தென்னைக்கடியில் கேட்டேன். ஆயா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். என்ன வார்த்தைகளில் கேட்டேன் என்பது ஞாபகமில்லை. ரோசம்மா தலையைக் குனிந்து, தையல் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

“நீங்க கேப்பீங்கன்னு தெரியும். எனக்கும் ஆசதான்யா. இல்லன்னு சொன்னா பொய்.”

“அப்புறம் என்ன?”

“இப்ப நீங்க என்னைய எங்க பார்க்கறீங்க?”

அவள் முகத்தைத்தான் பார்ப்பதாக நினைத்திருந்தேன். பார்வை அவள் காதில் இருந்தது.

“பாருங்க. இப்படித்தான் பார்ப்பீங்க. காலையில எந்திரிச்சதும் பார்ப்பீங்க. கேக்க மாட்டீங்க, நீங்க நல்லவங்க. ஆனா பார்ப்பீங்க. புள்ள பொறந்தா அது காதயும் பார்ப்பீங்க. எனக்கு இத ஒண்ணுமே தெரியாத ஊருல, தெரியாத ஆளோட இருக்கணும்யா. ஒரு நாளாச்சும் மறந்து இருக்கணும். நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு மறக்காது.”

இல்லை, பார்க்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அது பொய்யாகப் போயிருக்கும். அவள் கண் கலங்கியிருந்தது.

“வெளிய பார்த்தா பேச மாட்டீங்கல்ல?” என்றாள்.

“நீயாப் பேசினாத்தான் பேசுவேன். அதுதான் எங்க சட்டம்.”

“அது போதும்யா.”

வேலிக்கு அப்பால் டிராம் மணி அடித்தது. அவள் வாசலைத் தாண்டி, அந்தத் திசையில், திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

வெளியே போனவர்கள் அவ்வப்போது ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டும். அவள் எங்களிடம் வரவில்லை. எந்த ஊருக்குப் போனாள் என்று விசாரிக்கவும் வழியில்லை. விசாரித்தாலே அவளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். நான் கல்யாணம் செய்துகொண்டேன். நல்ல மனைவி, அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் எண்ணெய் எல்லாரையும் கடைசிவரை காப்பாற்றியதில்லை. அடங்கிய நோய் சில வருஷம் கழித்து மறுபடி தலைதூக்கியதும் உண்டு. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டவன் நான். திரை போட்ட ரிக்ஷா வந்து நிற்கும்போதெல்லாம், திரை விலகும்வரை எனக்கு மூச்சு வராது. வேறு முகமாக இருந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்வேன், அந்த வேறு முகத்தின் எதிரிலேயே. புக்கிட் மெர்த்தாஜம் அன்னம்மாள் திருவிழாக் கூட்டத்தில், பாசாரில், கோயில் பெஞ்சில், எங்கேயும் என் கண் பெண்களின் காதுக்குத்தான் போகும். மனைவி ஒருமுறை, நகைக்கடை வைக்கப் போகிறீர்களா என்று கேட்டாள்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தி அது நடந்தது. மனைவியின் தம்பி வீட்டுக்குப் போக ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் போய்க்கொண்டிருந்தோம். மத்தியானம், கடல் முழுக்க வெயில். எதிர்ப் பெஞ்சில் குடையை ஊன்றிக்கொண்டு ஒருவர், நடுவில் ஒரு பெண் குழந்தை, அதற்கடுத்து முந்தானையால் தலையை மூடிய ஒருத்தி. அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“அண்ணே, அக்கர எறங்குனா சுங்கை பாக்காப் பஸ்ஸு கெடைக்குமா?”

“ஜெட்டிகிட்டயே நிக்கும்” என்றேன். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவன் அவளைப் பார்த்துவிட்டேன்.

அவளும் பார்த்தாள். உடனே நான் கடலைப் பார்த்தேன். எத்தனை வருஷம்! ‘நல்லா இருக்கியா? திரும்ப வந்துச்சா? எங்க காட்டிக்கிற?’ என்று கேட்கத் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் புருஷன் மழையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, தோட்டத்தில் இருக்கும் தன் அக்காளைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டே வந்தார். நல்ல மனிதர். ஒன்றும் தெரியாத மனிதர். நான் ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பேசவில்லை. பேசமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்சத்தில் கரை வந்துவிடும். இவ்வளவுதானா என்று மனம் தவித்தது.

அப்போது அவள் முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள். கழுத்தைத் திருப்பி வலது காதைக் கடல் வெளிச்சத்துக்குக் காட்டினாள். காட்டியபடி அசையாமல் இருந்தாள். நான் பார்த்தேன். மடல் மெலிந்து, மிருதுவாக, தடிப்பே இல்லாமல் இருந்தது. என் கத்தி கீறிய கோடுகள் மங்கலாக இருந்தன, தெரிந்தவனுக்குத்தான் தெரியும். அந்தக் கோடுகளுக்கு நடுவே துளை, துளையில் அதே கல் வைத்த கம்மல். நான் பார்த்து முடிக்கும் நேரம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. சரியாக அந்த நேரத்தில் இடது காதைத் திருப்பினாள். அதுவும் சுத்தம். இந்த நோயில் உதிர்ந்துபோகும் புருவம் அடர்த்தியாக இருந்தது. முகத்தில் ஒரு படை இல்லை.

பிறகு முந்தானையைத் திரும்பத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, குழந்தையின் கலைந்த முடியைச் சரி செய்தாள். ஃபெரி கரையை முட்டியது. புருஷன் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் குடையோடு முன்னால் போனார். அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். நானும் மனைவியும் கடைசியாக இறங்கினோம்.

“யாருங்க அது?” என்றாள் மனைவி.

“எது?”

“அந்தப் பொம்பள. ஒங்களயே பார்த்துச்சே.”

“தெரியலையே.”

மனைவி ஜெட்டிப் பலகையில் நின்று அவர்கள் போன திசையைப் பார்த்தாள்.

“காத இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் காட்டுச்சு. கம்மல் புதுசு போலருக்கு, அதான் பெரும.”

“இருக்கும். நல்ல கம்மல்தான்” என்றேன்.